வாளி துரைசானி

அன்று ஸ்டூடியோவில் இருந்தவர்கள்: கல்கத்தாவிலிருந்து வந்த டைரக்டர், அவர் கூட்டிவந்த காமிராக்காரர், வெளியே நின்ற ஒலிப்பதிவு வண்டிக்குள் காதில் கருவியை மாட்டிக்கொண்டு அவருடைய ஊர்க்காரர் ஒருவர், மேலே பலகைகளில் விளக்குப் பிடிக்கிற ஆட்கள் ஆறேழு பேர், துரைசானி அம்மாள், நான். இல்லாதவர்கள் இரண்டு பேர். ஒருவர் படம் எடுக்கிற முதலாளி. அவர் பாண்டி பஜாரில் தம்முடைய துணிக்கடையில் இருந்தார். இன்னொருவர் வசனம் எழுதியவர். மைத்துனர் கல்யாணம் என்று கும்பகோணம் போயிருந்தார்.

வசனம் எழுதியவர் அன்று இருந்திருந்தால் இதை நான் எழுதவேண்டி வந்திருக்காது. அவர் இல்லாததால், அங்கே கீழே நின்றவர்களில் தமிழ் தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

எங்கள் நைனாவுக்கு மயிலாப்பூரில் ஜட்கா. உலகச் சண்டை வந்து பெட்ரோல் கிடைக்காமல் போனதும், மோட்டாரில் போய்க்கொண்டிருந்தவர்களெல்லாம் ஜட்காவில் ஏறத் தொடங்கினார்கள். சாந்தோமிலிருந்து அடையாற்று ஸ்டூடியோவுக்கு ஒரு வெள்ளைக்கார அம்மாளைக் கொண்டுபோய் விட்டுத் திரும்பக் கொண்டுவரும் வேலை நைனாவுக்கு வந்தது அப்படித்தான். முதல் நாள் வீட்டுக்கு வந்து குதிரையை அவிழ்க்கும்போதே ஆரம்பித்துவிட்டார்.

“தொரசானி வண்டியில குந்திகினு இன்னாவோ சொல்லிகினே வருதுடா. மரத்தைப் பாத்து சொல்லுது, ஆத்தைப் பாத்து சொல்லுது. லூசோன்னு நெனச்சேன். அப்பால காதைக் குட்த்துக் கேட்டா டமிலு! சினிமால டமில்ல பேசணுமாம். நெட்டுரு போடுது.”

“சரி நைனா.”

“சரின்னா? அத்தை இங்கிலீசு எழுத்துல எழுதிக் குட்க்க ஒரு ஆளு வோணுமாம். சொல்லிட்டேன். எம் புள்ள எஸ்.எஸ்.எல்.சி. பாஸு, இங்கிலீசு அவனுக்குத் தண்ணி பட்ட பாடுன்னு.”

“எனக்கு அவ்வளவு வராது நைனா.”

“வராதா? குதிரைக்குக் கொள்ளு வாங்கற துட்டுல பதினோரு வருசம் படிச்சியே, அப்ப அந்தக் குதிரையாண்ட போய்ச் சொல்லு, வராதுன்னு.”

எங்கள் குடும்பத்தில் பேனா பிடித்தவன் நான்தான் முதல். தெருவில் யாருக்குத் தபால் வந்தாலும் படிக்க என்னிடம் வருவார்கள். படித்தவன் தெரியாது என்று சொல்லக்கூடாது என்பது நைனாவின் நம்பிக்கை. கொஞ்ச நாளில் அது என் நம்பிக்கையும் ஆகிவிட்டது. எல்லாத் தப்புக்கும் அதுதான் வேர் என்று இப்போது நினைக்கிறேன்.

துரைசானி இருந்தது சாந்தோமில் ஒரு டீச்சரம்மா வீட்டு மாடியில். டீச்சரம்மா கல்யாணம் செய்துகொள்ளாதவர். அவர் குடும்பம் போர்த்துக்கீசியர் காலத்திலிருந்து சாந்தோம் மாதா கோயிலைச் சேர்ந்தது என்று சொல்வார். நான் முதல் நாள் போனபோது அவர்தான் கதவைத் திறந்தார்.

“மேலே போ தம்பி. செருப்பைக் கழற்ற வேண்டாம். அவங்க அதையெல்லாம் பார்க்கிறதில்லை.”

“செருப்பு இல்லீங்க.”

அவர் என் காலைப் பார்த்துவிட்டு, “அப்ப இன்னும் வசதி” என்றார்.

மாடியில் இரண்டு அறை. துரைசானிக்கு அப்போதே ஐம்பத்தைந்துக்கு மேல் இருக்கும். அகன்ற முகம், சின்னக் கண், பெரிய கை. நான் சினிமாக்காரி என்றால் எப்படி இருப்பாள் என்று நினைத்திருந்தேனோ அப்படி இல்லை. கடற்கரையில் மீன் கூடையை இறக்கிவைத்து இளைப்பாறுகிற ஒரு பெண்பிள்ளையின் முகம் போல இருந்தது, நிறம்தான் வேறு. அவர் இங்கிலீஷ் எனக்குப் பாதிதான் புரிந்தது. பள்ளிக்கூடத்தில் வாத்தியார் பேசிய இங்கிலீஷ் மாதிரி இல்லை. என் இங்கிலீஷின் குறை என்று நினைத்து வெட்கப்பட்டேன். பிறகுதான் தெரிந்தது, அது அவர் பேச்சே அப்படி.

அவரே சொன்னார். அவர் பிறந்தது இங்கிலாந்தின் வடக்கே ஒரு நெசவாலை ஊர். படங்கள் பேசாமல் இருந்த காலத்திலேயே சினிமாவுக்கு வந்துவிட்டார். ஊமைப் படத்தில் அவர் அம்மாவாக, விதவையாக, பிள்ளையைத் தூக்குமேடைக்கு அனுப்புகிறவளாக நடித்திருக்கிறார். ஜனங்கள் அழுதார்களாம். பிறகு படம் பேச ஆரம்பித்தது. வாயைத் திறந்தார்; கொட்டகை சிரித்தது. அந்த வடக்கத்திப் பேச்சு சமையற்காரிகளுக்கும் வேலைக்காரிகளுக்கும் உள்ள பேச்சாம். அதற்குப் பிறகு ஏழெட்டு வருஷம் அவருக்குக் கிடைத்ததெல்லாம் அதுதான். விரல் விட்டு எண்ணிக் காட்டினார்: சமையற்காரி, வாடகைக்கு அறை விடுகிற கிழவி, மருத்துவச்சி, பிணத்தைப் பார்த்துக் கத்துகிறவள், மறுபடியும் சமையற்காரி. ஒரு தட்டைத் தூக்கிக்கொண்டு வருவார், ஒரு வாக்கியம் சொல்வார், ஜனங்கள் சிரிப்பார்கள், போய்விடுவார். அரை நிமிஷம். முகத்தை எல்லோருக்கும் தெரியும். பெயர் யாருக்கும் தெரியாது.

புருஷன் பியானோ பழுது பார்க்கிறவர். மவுண்ட் ரோடில் ஒரு கடையில் வேலை கிடைத்துச் சென்னைக்கு வந்தார்கள். வந்த மூன்றாம் வருஷம் அவர் காலமாகிவிட்டார். திரும்பிப் போகலாம் என்றிருந்தபோது சண்டை, கப்பல் இல்லை. அப்போதுதான் நம் முதலாளி படம் எடுக்க ஒரு வெள்ளைக்காரியைத் தேடிக்கொண்டிருந்தார். கதையில் ஒரு பாதிரியாரின் மனைவி. காய்ச்சலில் ஒரே மகனைப் பறிகொடுத்துவிட்டுத் தெருத்தெருவாக அலைகிறவள்.

“தமிழில் எனக்கு எந்த ஊர்ப் பேச்சும் இல்லை. எழுதிக் கொடுத்தால் அப்படியே சொல்லுவேன். இங்கே நான் வாயைத் திறந்தால் யாரும் சமையற்காரி என்று நினைக்கமாட்டார்கள். உனக்குப் புரிகிறதா?” என்று கேட்டார்.

எனக்கு நன்றாகவே புரிந்தது. பள்ளிக்கூடத்தில் நான் ‘இன்னா சார்’ என்று ஒரு தரம் சொல்லிவிட்டு, வருஷம் முழுதும் ‘இன்னா சார்’ என்றே பெயர் வாங்கினவன். ஆனால் அதை அவரிடம் சொல்லவில்லை. “எஸ் மேடம்” என்று மட்டும் சொன்னேன்.

எழுதுவதற்கு ஒரு முறையை நானே கண்டுபிடித்தேன். இங்கிலீஷில் குறில் நெடில் கிடையாது. ஆகவே நீட்டிச் சொல்லவேண்டிய எழுத்துக்கு மேலே ஒரு கோடு. ழகரம் கிடையாது. தமிழ் என்று எழுதுவதற்கே அவர்கள் எல் என்ற எழுத்தைத்தான் போடுகிறார்கள். ஆகவே ழகரம் வரும் இடத்தில் எல் போட்டு அதற்குக் கீழே ஒரு கோடு. மேலே கோடு நீட்டல், கீழே கோடு ழகரம். அவர் இரண்டே நாளில் பிடித்துக்கொண்டார். ழகரம் மட்டும் அவர் நாக்கில் ளகரமாகவே வந்தது. “பரவாயில்லை, நம்ம ஊர்லயே பாதிப் பேருக்கு வராது” என்றார் டீச்சரம்மா.

படப்பிடிப்புக்கு முதல் நாள் முதலாளி என்னைக் கடைக்கு வரச்சொன்னார். திருநெல்வேலிக்காரர். கல்லாவில் உட்கார்ந்தபடியே பேசினார்.

“எல, ஃபிலிமைக் கவர்மென்டு அளந்துல்லா குடுக்கான். அந்தம்மாவால ஒரு அடி வீணாச்சுன்னா ஒன்னயத்தான் கேப்பேன். வீணாகாம முடிச்சுக் குடுத்தியன்னா மாசச் சம்பளத்துக்கு நம்ம கம்பெனியிலயே இருந்துக்கோ. என்ன சொல்லுத?”

மாசச் சம்பளம் என்ற சொல் எங்கள் வீட்டில் அதுவரை யாருக்கும் சொந்தமாக இருந்ததில்லை.

மறுநாள் எடுக்கவேண்டிய காட்சியில் வேறு நடிகர் இல்லை. அவர் தனியாக ஒரு நாற்சந்தியில் நின்று, போகிற வருகிறவர்களைப் பார்த்துச் சொல்லவேண்டும். இரண்டே வரி. “இந்த ஊரில் என் பிள்ளையை இழந்துவிட்டேன். எனக்கு வழி காட்டுங்கள்.” காகிதத்துக்கும் தட்டுப்பாடு. நான் ஒரு கடை ரசீதின் பின்பக்கத்தில் நெருக்கி நெருக்கி எழுதியிருந்தேன்.

அவர் நின்றார். விளக்கெல்லாம் எரிந்தது. அவர் முகத்தை அன்று பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். அழவில்லை, அழுது முடித்த முகம். ஒரு கையை யாரோ பிடித்திருப்பது போல் சற்றே நீட்டி வைத்திருந்தார். முதல் வரி சரியாக வந்தது. பிறகு கண்ணை உயர்த்திச் சொன்னார்:

“எனக்கு வாளி காட்டுங்கள்.”

மேலே பலகையில் யாரோ மூக்கால் சிரித்தது கேட்டது. அவ்வளவுதான். டைரக்டர் கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னார். அவர் கண் கலங்கியிருந்தது. அவருக்கு அந்த முகம்தான் தெரிந்தது, தமிழ் தெரியாது. என் பக்கம் திரும்பி இங்கிலீஷில் கேட்டார்: “வசனம் சரிதானே? இன்னொரு தடவை எடுக்கவேண்டுமா?”

துரைசானியும் என்னைத்தான் பார்த்தார்.

நான் “சரி சார்” என்றேன்.

இதற்கு மேல் எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. கேட்கவில்லை என்று சொல்லமுடியாது, கேட்டது. யோசிக்க நேரம் இல்லை என்றும் சொல்லமுடியாது. டைரக்டர் கேட்டதற்கும் நான் பதில் சொன்னதற்கும் நடுவில் எனக்குக் கல்லாவில் உட்கார்ந்திருந்த முதலாளியின் முகம் முழுசாகத் தெரிந்தது. வெள்ளைக்கார அம்மாள் தமிழ் பேசினால் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கத்தான் செய்யும், ஜனங்கள் பொறுத்துக்கொள்வார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

துரைசானி வந்து என் தோளைத் தட்டினார். கையிலிருந்த ரசீதை என்னிடம் கொடுத்துவிட்டு உடை மாற்றப் போனார். அப்போதுதான் பார்த்தேன். ‘இழந்து’ என்ற சொல்லில் எல்லுக்குக் கீழே நான் போட்ட கோடு, வரிகள் நெருங்கியிருந்ததால், அடுத்த வரியில் ‘வழி’ என்ற சொல்லின் முதல் எழுத்துக்கு நேர் மேலே விழுந்திருந்தது. பார்த்தால் நீட்டச் சொல்லுகிற கோடு மாதிரியே இருந்தது. அவர் எழுதியிருந்தபடிதான் சொல்லியிருக்கிறார். தப்பு நாக்கில் இல்லை. என் கையில்.

ரசீதை மடித்து என் ஜேபியில் வைத்துக்கொண்டேன். அவர் பிறகு கேட்டபோது, எங்கேயோ விழுந்துவிட்டது மேடம் என்றேன்.

படம் மயிலாப்பூர்க் கொட்டகைக்கு மூன்றாம் வாரம் வந்தது. நால்வரும் போனோம். துரைசானியும் டீச்சரம்மாவும் நாற்காலியில்; நானும் நைனாவும் முன்னால் பெஞ்சியில். துரைசானி கையுறை போட்டுக்கொண்டு வந்திருந்தார். நாற்சந்திக் காட்சி வந்ததும் கொட்டகை அடங்கிவிட்டது. கடலை விற்கிறவன்கூட நின்றுவிட்டான். எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த ஒரு கிழவர் மேல்துண்டால் கண்ணைத் துடைத்தார். நான், கவனிக்கமாட்டார்கள், கவனிக்கமாட்டார்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

“எனக்கு வாளி காட்டுங்கள்.”

ஒரு நொடி ஒன்றும் இல்லை. அப்புறம் பின்னாலிருந்து ஒருவன், “இன்னாத்துக்கு, தண்ணி புடிக்கவா?” என்றான். கொட்டகையே அதிர்ந்தது. கண்ணைத் துடைத்த கிழவர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். என் பக்கத்தில் நைனாவும் சிரித்துவிட்டார். சிரித்த பிறகுதான் யார் என்று ஞாபகம் வந்து வாயைப் பொத்திக்கொண்டார்.

வெளியே வந்தோம். வண்டியில் ஏறி உட்கார்ந்த பிறகு துரைசானி டீச்சரம்மாவிடம், “நான் என்ன சொன்னேன்?” என்று கேட்டார். டீச்சரம்மா பொய் சொல்லத் தெரியாதவர். பள்ளிக்கூடத்தில் தப்பைத் திருத்துகிற குரலிலேயே சொன்னார்: வழி என்றால் இது, வாளி என்றால் இது.

துரைசானி கொஞ்சநேரம் கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: “பயத்தில் தப்பாகப் படித்திருக்கிறேன். பாவம், பையன் எவ்வளவு கவனமாக எழுதிக் கொடுத்தான்.”

நான் முன்னால் நைனா பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். குதிரையின் முதுகையே பார்த்துக்கொண்டு வந்தேன். அன்றே சொல்லியிருக்கலாம். வண்டி லஸ் தாண்டுகிற வரையில் சொல்லலாம் என்று இருந்தேன். பிறகு சாந்தோம் வந்துவிட்டது.

ஒரு மாசத்துக்குள் அந்தச் சொல் ஊர் முழுதும் பரவிவிட்டது. தெருக் குழாயில் தண்ணீர் பிடிக்கிற பையன்கள் ஜட்காவைக் கண்டால் வாளியைத் தூக்கிக் காட்டுவார்கள். “தொரசானிம்மா, இந்தா பாத்துக்கோ, வாளி!” நைனா சாட்டையை ஓங்குவார். “கம்முனு கீ, கஸ்மாலம்!” துரைசானி முதலில் முகத்தைத் திருப்பிக்கொள்வார். பிறகு கையசைக்க ஆரம்பித்தார். அதைப் பார்க்கத்தான் எனக்குச் சகிக்கவில்லை.

முதலாளிக்கு ஒரே குஷி. என்னைக் கூப்பிட்டனுப்பினார்.

“ஒன்னயக் கோவிச்சுக்கிடுவேன்னு பயந்தியோ? எல, படம் ஓடுததே அந்த வாளியாலதான். அந்தம்மா வாயைத் தொறந்தா சனம் சிரிக்கி. அது ஆண்டவன் குடுத்தது. அடுத்த படத்துக்கு நீயே எழுது. நல்லாத் தப்பா எழுது, என்ன?”

அப்படியாக எனக்கு மாசச் சம்பளம் கிடைத்தது. வேலை, தப்பாக எழுதுவது. பால் என்பதைப் பல் என்று, குளி என்பதைக் கூலி என்று, எங்கே கோடு போட்டால் ஜனங்கள் சிரிப்பார்கள் என்று யோசித்து யோசித்துக் கோடு போட்டேன். நைனா எங்கள் தெருவில் எல்லோரிடமும், “எம் புள்ள சினிமால ரைட்டரு” என்று சொல்லிக்கொண்டார்.

துரைசானி ஒப்புக்கொள்ளமாட்டார் என்றுதான் முதலில் நினைத்தேன். ஒப்புக்கொண்டார். கப்பல் இல்லை, கையில் வேறு வருமானமும் இல்லை. “தட்டைத் தூக்கியவள் வாளியைத் தூக்கக்கூடாதா?” என்றார். ஒரு படத்தில் கலெக்டர் வீட்டுச் சமையற்காரி. இன்னொன்றில் பட்லர் மனைவி. எதிலும் கையில் ஒரு வாளி இருக்கும். எந்தச் சமையற்கட்டை விட்டு ஓடி வந்தாரோ அந்தச் சமையற்கட்டிலேயே என் கோடு அவரைத் திரும்பக் கொண்டுபோய் விட்டது.

ஆனால் சாயங்காலங்களில் நான் வசனம் கொடுக்கப் போகும்போது மாடிப்படியிலேயே கேட்கும். டீச்சரம்மா சொல்லிக்கொடுப்பார், இவர் சொல்லுவார். “மழை. பழம். கிழமை. வழி.” முதலில் ளகரம். பிறகு ரகரம் போல ஒன்று. பிறகு இரண்டுக்கும் நடுவில் ஏதோ. இரண்டு வருஷம். ஒருநாள் நான் படியேறும்போது ஓடிவந்து கதவைத் திறந்தார்.

“கேள். வழி.”

சுத்தமான ழகரம். எங்கள் தெருவில் எவருக்கும் அப்படி வராது. என்னைச் சேர்த்துத்தான் சொல்லுகிறேன்.

“எப்படி?”

“சரி மேடம்” என்றேன். அதே சொல்.

மூன்றாவது படத்தில் அவர் வாளியோடு குளத்தில் விழவேண்டும். மார்கழி மாசம். டைரக்டர் வேறு ஆள். இவருக்குத் தமிழ் நன்றாகத் தெரியும். சிரிப்பு வரவில்லை என்று மூன்று தடவை விழச்சொன்னார். நாலாம் நாள் துரைசானிக்குக் காய்ச்சல். நெஞ்சில் சளி. டீச்சரம்மா கஞ்சி வைத்துக்கொண்டு பக்கத்திலேயே இருந்தார். நான் போனபோது துரைசானி கண்ணை மூடியபடி வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டிருந்தார். மழை, பழம், கிழமை.

எனக்கு அதற்குமேல் தாங்கவில்லை. ஜேபியிலிருந்து ரசீதை எடுத்தேன். இரண்டு வருஷமாக அதை ஒரு சட்டையிலிருந்து இன்னொரு சட்டைக்கு மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்தேன். கிழித்துப் போடவும் கை வரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். கோடு எப்படி விழுந்தது. அன்றைக்கே என் காதில் விழுந்தது. டைரக்டர் கேட்டார். நான் சரி என்றேன். ஏன் சரி என்றேன்.

மூக்குக்கண்ணாடியைக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டார். ரசீதை வெளிச்சத்துக்குப் பிடித்து, அந்தக் கோட்டின் மேல் கட்டைவிரலை வைத்துப் பார்த்தார்.

“அப்படியானால் நான் எழுதியிருந்ததைத்தான் சொல்லியிருக்கிறேன்.”

“எஸ் மேடம்.”

“நான் பயப்படவில்லை.”

“இல்லை மேடம்.”

“இரண்டு வருஷமாக, எனக்கு வயசாகிவிட்டது, இனிமேல் என்னால் முடியாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.” சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். “நீ இப்போது போகலாம்.”

டீச்சரம்மா கீழே வாசல் வரைக்கும் வந்தார். அவர் என்னைத் திட்டுவார் என்று காத்து நின்றேன். “தம்பி, ஒரு வார்த்தை. ஒரே ஒரு வார்த்தை ‘இல்ல சார்’னு சொல்லியிருந்தா?” என்று கேட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்.

வீட்டில் சொன்னேன். நைனா எழுந்துபோனார். குதிரைக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வந்து, “தெரியாதுன்னு சொன்னா கூட மானம் போவாதுடா” என்றார். “நான்தான் ஒன்னிய அப்டி வளத்துட்டேன்.” அவர் என்னை நாலு அறை அறைந்திருக்கலாம்.

துரைசானி எழுந்து நடமாட இரண்டு மாசம் ஆயிற்று. அதற்குள் சண்டை முடிந்து ஃபிலிம் கட்டுப்பாடும் தளர்ந்திருந்தது. முதலாளி பழைய படத்துக்குத் தீபாவளிக்குப் புதுப் பிரதிகள் போடப்போகிறார் என்று கேள்விப்பட்டு, நைனாதான் துரைசானியிடம் போய்ச் சொன்னார். துரைசானி என்னை வரச்சொல்லி அனுப்பினார். கோபம் இருந்ததாகத் தெரியவில்லை; பிரியமும் இல்லை. வேலைக்காரனிடம் பேசுகிற மாதிரிப் பேசினார். அந்த ஒரு காட்சியைத் திரும்ப எடுத்துப் புதுப் பிரதியில் சேர்க்க முடியுமா என்று முதலாளியிடம் கேட்கவேண்டும், அவர் பேசுவதை நான் தமிழில் சொல்லவேண்டும், சரியாகச் சொல்லவேண்டும்.

பனகல் பார்க் பக்கத்தில் முதலாளியின் வீடு. துரைசானி கேட்டார், நான் சொன்னேன். முதலாளி ஊஞ்சலை நிறுத்தினார்.

“அம்மா, ஒங்களுக்கு என்ன குறை? வாளியைக் கேக்கத்தான சனம் துட்டுக் குடுத்து வருது. அதப் போய் வழின்னு மாத்தினா எவன் வருவான்?”

“வழி என்றால் ஜனங்கள் அழுவார்கள் என்று சொல்” என்றார் துரைசானி.

சொன்னேன். முதலாளி அவரைப் பார்த்தார். கெட்ட மனுஷர் இல்லை. மூன்று படத்தில் அந்த அம்மாள் அவருக்குச் சம்பாதித்துக் கொடுத்தது அவருக்கும் தெரியும். “சரி, ஒரே ஒரு தடவை எடுத்துக்கிடுங்க. செட்டு, லைட்டு நான் பாத்துக்கிடுதேன். ஃபிலிமுக்கு மட்டும் ஒங்க கையிலருந்து கட்டிருங்க. நல்லா வந்தா சேத்துருவோம்” என்றார்.

திரும்பும்போது வண்டியில், ஃபிலிம் செலவு முழுதையும் நான் கொடுக்கிறேன் என்று துரைசானியிடம் சொன்னேன். கெஞ்சினேன் என்றே சொல்லலாம்.

“வேண்டாம். நீ எழுதினாய், நான் சொன்னேன். பாதிப் பாதி” என்றார். அன்றைக்கு அவர் என்னிடம் சொன்னதில் அது ஒன்றுதான் பிரியமாக இருந்தது.

எடுத்த அன்று டீச்சரம்மா கூடவே வந்து அவருக்குத் தலை வாரிவிட்டார். காகிதம் எதுவும் இல்லை. அந்த இரண்டு வரியும் அவருக்கு மனப்பாடம். பழைய உடையில் அவர் நடந்து வந்ததைப் பார்த்ததும் மேலே பலகையில் ஒருவன், “டேய், வாளிம்மா டோய்!” என்றான். முதலாளி அண்ணாந்து பார்த்து அதட்டினார். எல்லோரும் அடங்கினார்கள்.

அவர் நின்றார். மூன்று வருஷத்துக்கு முன்பு பார்த்ததைவிட முகம் ஒடுங்கியிருந்தது. கையை அதே மாதிரி நீட்டி வைத்துக்கொண்டார். “இந்த ஊரில் என் பிள்ளையை இழந்துவிட்டேன்.” ழகரம் மணி மாதிரி விழுந்தது. கண்ணை உயர்த்தினார்.

“எனக்கு வழி…”

மேலே ஒருவன் பக்கென்று சிரித்துவிட்டான். அடக்கிப் பார்த்து முடியாமல் வந்த சிரிப்பு. அது இன்னொருவனுக்குத் தொற்றியது. பலகை பலகையாகத் தாவியது. அவர் நிறுத்தாமல் “காட்டுங்கள்” என்று முடித்தார். அவர் சொன்னதில் ஒரு பிசகும் இல்லை. ஒலிப்பதிவு வண்டியிலிருந்து ஆள் இறங்கி வந்து உதட்டைப் பிதுக்கினார். சிரிப்பு முழுதும் பதிந்துவிட்டது.

சிரித்தவன் இறங்கி வந்து கும்பிட்டான். சின்ன வயசு. “வோணும்னு சிரிக்கல தொரசானிம்மா. நீங்க நல்லாத்தான் சொன்னீங்க. மூஞ்சியப் பாத்ததும் வந்துட்ச்சு.”

“இன்னொரு தடவைன்னா இன்னொரு தடவைக்குக் கட்டணும்” என்றார் முதலாளி, தயங்கித் தயங்கி. டீச்சரம்மா கைப்பையைத் திறந்தார். துரைசானி அவர் கையைப் பிடித்து மூடினார்.

“வேண்டாம். அந்தச் சொல்லில் இனிமேல் ஒன்றும் இல்லை. அவர்கள் என் முகத்தைப் பார்த்தே சிரிக்கிறார்கள்.”

நான் அதைத் தமிழில் சொல்லவில்லை, யாரும் கேட்கவுமில்லை. அடுத்த வருஷம் அவர் கப்பலேறிவிட்டார். தீபாவளிக்கு வந்த புதுப் பிரதியிலும் பழைய வாளிதான் இருந்தது.

திரும்ப எடுத்த அன்றே கம்பெனி மானேஜர் ஃபிலிம் கணக்குச் சீட்டை என் கையில் கொடுத்தார். பேசியபடி பாதியை அவரும் பாதியை நானும் கட்டினோம். படத்துக்கு நாற்பத்தைந்து அடி, ஒலிக்கு நாற்பத்தைந்து அடி, அடிக்கு மூன்றணா வீதம் மொத்தம் பதினாறு ரூபாய் பதினான்கு அணா.